எஸ்தர் டீச்சர் இருந்த வார்டு

பாலக்கரையில் எங்கள் தெருவில் என் முதுகைக் காட்டச் சொல்லிக் கேட்காத பெண் பாக்கியில்லை. கட்டி எவ்வளவு பெரிசு, எப்படி அறுத்தார்கள், வலித்ததா, இனிமேல் சோற்றையே தொடக்கூடாதாமே என்று ஆளுக்கொரு விதமாகக் கேட்கிறார்கள். சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிக்கிறது. ஒரேயடியாக எழுதி வைத்துவிட்டால் கேட்கிறவர்கள் கையில் கொடுத்துவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். உட்கார்ந்த பிறகுதான் தெரிகிறது, கட்டியைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. அந்த வார்டில் பாடம் சொல்லிக் கொடுத்த எஸ்தர் டீச்சரிடமும், அவரிடம் படித்த காமாட்சியிடமும்தான் மனசு திரும்பத் திரும்பப் போகிறது.

போன கார்த்திகையில் முதுகின் நடுவில் ஒரு கொப்புளம் வந்தது. வேர்க்குரு என்று விட்டுவிட்டேன். அது எலுமிச்சம்பழ அளவுக்கு வீங்கிய பிறகு மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் போட்டேன். பிறகு ஒன்றுக்கு நாலாகக் கண் வைத்துச் சீழ் கட்டியது. காய்ச்சலில் பிதற்றினேன். எங்கள் வீட்டுக்காரர் சைக்கிள் கடையை அடைத்துவிட்டுக் குதிரை வண்டி பிடித்து என்னைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். வண்டியில் நிமிர்ந்து உட்கார முடியாமல் அவர் மடியில் குப்புறக் கிடந்தேன். "மெதுவாப் போப்பா, மெதுவாப் போப்பா" என்று வண்டிக்காரரிடம் அவர் வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தது மட்டும் நினைவில் இருக்கிறது.

நோயாளிகள் காத்திருக்கும் வராந்தாவில் வெயில் ஏறும்வரை கிடந்தோம். கடைசியில் பார்த்த டாக்டர் முதுகைத் தொடக்கூட இல்லை. முதலில் மூத்திரம் பிடித்துக்கொண்டு வரச் சொன்னார். முதுகில் கட்டி என்று வந்தால் இவர் எதையோ கேட்கிறாரே என்று எனக்குக் கோபம். ஒரு கண்ணாடிக் குழாயில் நீல நிற மருந்தை ஊற்றி, அதில் சில சொட்டு விட்டு, விளக்கில் காய்ச்சினார்கள். கண்ணெதிரே நீலம் பச்சையானது, பச்சை மஞ்சளானது, கடைசியில் செங்கல் நிறத்துக்கு வந்து நின்றது. நீலமாகவே இருந்தால் சர்க்கரை இல்லை, செங்கல் நிறம் என்றால் நிறைய இருக்கிறது என்று அர்த்தமாம். "உங்களுக்கு நீரிழிவு இருக்கு. அதனாலதான் இந்தக் கட்டி. இதுக்குப் பேரு ராஜபிளவை" என்றார்.

அந்தப் பெயரைக் கேட்டதும் எனக்கு உயிர் போய்விட்டது. என் அப்பா ராஜபிளவையில்தான் போனார். அது சுதந்திரத்துக்கு முந்தின வருஷம். பென்சிலின் என்ற பேரையே அப்போது நாங்கள் கேட்டதில்லை. அவர் குப்புறப் படுத்து முனகியதும், அந்த வாடையும் எனக்கு மறக்கவில்லை. இப்போது நானும் அதே மாதிரி குப்புறப் படுக்கப்போகிறேன் என்று அழுதேன். எங்கள் வீட்டுக்காரர் ஆறுதலாக ஒன்றும் சொல்லவில்லை. அவருக்கு அதெல்லாம் வராது. சட்டை நுனியால் என் முகத்தைத் துடைத்துவிட்டு, மருந்து எங்கே வாங்குவது என்று கேட்கப் போய்விட்டார்.

மயக்க மருந்து கொடுத்துக் கட்டியைக் குறுக்கும் நெடுக்குமாக அறுத்தார்கள். கண் விழித்தபோது பெண்கள் வார்டில் ஜன்னலோரக் கட்டிலில் கிடந்தேன். தினமும் புண்ணைத் திறந்து, பழைய துணியை உருவி, மருந்தில் நனைத்த புதுத் துணியைத் திணிப்பார்கள். பிரசவ வலியை இரண்டு தடவை பார்த்தவள் நான். அதையே தேவலை என்று நினைக்க வைத்தது இந்த வலி. காலையிலும் மாலையிலும் இன்சுலின் ஊசி. உடம்பில் ஊறவேண்டிய ஒரு சாறு எங்களைப் போன்றவர்களுக்கு ஊறுவதில்லையாம், அதைத்தான் ஊசி வழியாக உள்ளே அனுப்புகிறார்கள். ஊசி போட்டு அரை மணிக்குள் சாப்பிட்டாக வேண்டும். சாப்பாட்டை நம்பித்தான் அந்த ஊசி.

எனக்குச் சோறு கூடாது என்றதால் எங்கள் வீட்டுக்காரர் கோதுமை ரொட்டி சுடக் கற்றுக்கொண்டார். அதை மென்றால் சைக்கிள் டியூபுக்கு ஒட்டுப் போடும் ரப்பர் மாதிரி இருக்கும். "எப்படி இருக்கு?" என்று கேட்பார். "நல்லா இழுக்குது" என்பேன். மறுநாள் இன்னும் கொஞ்சம் மெத்தென்று இருக்கும். கடையையும் பார்த்து, பிள்ளைகளையும் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிக்கொண்டு, தினமும் விடிந்ததும் அடுப்பு மூட்டி எனக்காக ரொட்டி சுட்டார்.

அந்த ஆஸ்பத்திரியில் நர்ஸ் படிப்புக்கு வந்த பெண்கள் இருந்தார்கள். மூன்று வருஷப் படிப்பு. பாதிப் பாடம் வகுப்பில், மீதிப் பாடம் எங்கள் உடம்பில். வாரத்தில் சில நாள் ஒரு டாக்டர் அவர்களுக்குப் பாடம் எடுக்க வருவார். நல்ல மருத்துவர், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் என் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, என்னைப் பார்க்காமல், கடகடவென்று இங்கிலீஷில் சொல்லிக்கொண்டே போவார். நடுவில் ஒரு பெண்ணைப் பார்த்து ஒரு கேள்வி. அது விழிக்கும். "இதுகூடத் தெரியலைன்னா எதுக்கு வந்தே? மாடு மேய்க்கப் போயேன்" என்பார். மற்றப் பெண்கள் தரையைப் பார்ப்பார்கள். அன்று அவர்களுக்குள் ஒன்றும் ஏறியிருக்காது என்று எட்டாவது படித்த எனக்கே தெரிந்தது.

எஸ்தர் டீச்சர் வேறு மாதிரி. நாற்பது வயது இருக்கும், ஒல்லியான உடம்பு, பெரிய கண்ணாடி. முதல் நாள் என்னிடம் வந்து, "சரோஜாம்மா, இந்தப் பிள்ளைங்க உங்க புண்ணைப் பார்த்துப் படிக்கட்டுமா? வேண்டாம்னா வேண்டாம்னு சொல்லுங்க" என்று கேட்டார். ஆஸ்பத்திரியில் என்னிடம் சம்மதம் கேட்ட முதல் ஆள் அவர்தான். வேண்டாம் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன், அந்தக் குரலைக் கேட்டு சரி என்றுவிட்டேன்.

பெண்களைச் சுற்றி நிறுத்திக்கொண்டு அவர் கேட்கும் கேள்வி ஒன்றுதான். "என்ன பார்த்தே?" ஒரு பெண் புத்தகத்தில் உள்ளதை ஒப்பிக்க ஆரம்பித்தால் கையைக் காட்டி நிறுத்துவார். "அது இருக்கட்டும். நீ என்ன பார்த்தே?" அந்தப் பெண் திணறினால் காத்திருப்பார். எனக்கே பொறுமை போய்விடும், அவருக்குப் போகாது. தெரியாததைக் கேட்டால், "எனக்குத் தெரியாது, கேட்டுச் சொல்றேன்" என்பார். மறுநாள் மறக்காமல் வந்து சொல்வார். முதலில் நான் இவருக்கு அவ்வளவாகப் படிப்பு போதாது போலிருக்கிறது என்றுதான் நினைத்தேன். வாத்தியார் என்றால் தெரியாது என்று சொல்லக்கூடாது என்றுதானே நமக்குப் பழக்கம்.

ஊசி போடப் பழகும் பெண்களுக்கு அவர் தன் கையைத்தான் நீட்டுவார். வெறும் உப்புநீர் ஊசிதான், ஆனாலும் ஊசி ஊசிதானே. கொதிக்க வைத்துக் கொதிக்க வைத்து மழுங்கிப்போன ஊசிகள். அவருடைய இடது கை முழுக்கக் கன்னிப்போயிருக்கும். காமாட்சி அழுதுகொண்டே போட்டதை நானே பார்த்தேன். "வலிக்குதா டீச்சர்?" "வலிக்குது. சாய்ச்சுப் பிடிச்சிருந்தா கொஞ்சம் கம்மியா வலிச்சிருக்கும். திரும்பப் போடு." அவ்வளவுதான். நோயாளிகள் காதில் விழும்படி எந்தப் பெண்ணையும் அவர் திட்டியதில்லை.

காமாட்சி ஜீயபுரத்துப் பக்கம் வாழை போடும் குடும்பத்துப் பெண். படிக்க வந்து இரண்டாவது வருஷம். அவளுடைய அண்ணனுக்கு அவள் நர்ஸ் வேலைக்கு வந்தது பிடிக்கவில்லை. ஊரார் உடம்பைத் தொட்டுச் செய்கிற வேலை நம் குடும்பத்துக்கு வேண்டாம் என்பது அவர் கட்சி. "சின்னதா ஒரு புகார் வந்தாலும் போதும் அக்கா, வண்டியக் கட்டிக்கிட்டு வந்துரும் எங்கண்ணன். மாப்பிள்ளைகூடப் பார்த்து வச்சிருக்கு" என்று என் முதுகைத் துடைத்துக்கொண்டே சொல்வாள். அந்த வார்டில் வலிக்காமல் துணியை உருவத் தெரிந்தது அவளுக்கு மட்டும்தான். இந்தப் பெண் எப்படியாவது படிப்பை முடித்துவிட வேண்டும் என்று எனக்கு ஆசை வந்துவிட்டது.

பக்கத்துக் கட்டிலில் ஸ்ரீரங்கத்து வேதவல்லி மாமி. கணவர் இல்லை, தம்பி வீட்டில் இருந்தார். எனக்கு முதுகில் என்றால் அவருக்குக் காலில் ஆறாத புண், அதே சர்க்கரைதான் காரணம், ஊசி மட்டும் அவருக்குக் காலையில் ஒன்றுதான். குளித்து மடியாகச் சமைத்ததைத் தவிர வேறு எதையும் தொடமாட்டார் என்பதால் ஆஸ்பத்திரிச் சாப்பாடு அவருக்கு ஆகாது. தினமும் காலையில் தம்பி ஸ்ரீரங்கத்திலிருந்து பஸ்ஸில் கேரியரைக் கொண்டுவந்து வைத்துவிட்டு ஆபீசுக்கு ஓடுவார். காவிரிப் பாலத்தில் பஸ் நின்றுவிட்டால் கேரியர் எப்போது வரும் என்று சொல்ல முடியாது. அதனால் எஸ்தர் டீச்சர் பெண்களுக்கு ஒரு ஏற்பாடு சொல்லியிருந்தார். மாமிக்கு மணியைப் பார்த்து ஊசி போடாதீர்கள், கேரியர் வந்ததைப் பார்த்துவிட்டுப் போடுங்கள்.

மாமிக்கும் எனக்கும் ஓயாத பேச்சு. என் ரொட்டியைப் பார்த்து, "உங்காத்துக்காரர் இதைச் சுட்டாரா, தட்டினாரா?" என்பார். "பெருமாளுக்கு இதை அம்சை பண்ணி நைவேத்தியமா வச்சுடாதேடி சரோஜா, அவருக்குப் பல்லு போயிடும்." சிரித்தால் எனக்கு முதுகுப் புண் இழுக்கும். சிரிக்க வைக்காதீர்கள் மாமி என்று கெஞ்சுவேன்.

மார்கழி பிறந்த பிறகு மாமியின் பேச்சு குறைந்தது. "இத்தனை வருஷத்துல ஒரு வைகுண்ட ஏகாதசிக்குக்கூட நான் பரமபத வாசலைத் தாண்டாம இருந்ததில்லே. இந்த வருஷம் வாசல் திறக்கறச்சே நான் இங்கே கெடக்கப் போறேன்" என்று ஒருநாள் அழுதார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

ஏகாதசியன்று விடிந்ததும் தம்பி கேரியரை வைத்துவிட்டு வழக்கம்போல ஓடினார். அந்த நேரம் என்னைப் புண் கட்டும் அறைக்கு அழைத்துப் போய்விட்டார்கள். நான் திரும்பி வந்தபோது மாமி கண்ணை மூடிப் படுத்திருந்தார். உதடு அசைந்துகொண்டிருந்தது. ஏகாதசி, அவர் நாமம் சொல்லிக்கொண்டிருக்கிறார் என்று நானும் நினைத்தேன், காமாட்சியும் நினைத்தாள், வார்டே நினைத்தது. பேச்சுக் கொடுத்துக் கெடுக்க வேண்டாம் என்று எல்லோரும் ஒதுங்கிப் போனோம். வெகுநேரம் அப்படியே விட்டுவிட்டோம்.

அந்தப் பக்கம் வந்த எஸ்தர் டீச்சர் நின்றார். மாமியின் நெற்றியைத் தொட்டார். "மார்கழிக் குளிர்ல இப்படியா வேர்க்கும்?" என்றவர், சட்டென்று கேரியரை எடுத்தார். எடுத்த வேகத்திலேயே அது மேலே வந்துவிட்டது. கனமே இல்லை. திறந்தார். நாலு அடுக்கும் கழுவித் துடைத்தது போல இருந்தது. அடித் தட்டில் ஒரு துளசிக் கொத்து மட்டும் கிடந்தது.

மாமி உபவாசம் இருந்திருக்கிறார். முதல் நாள் மதியத்துக்குப் பிறகு பச்சைத் தண்ணீரோடு சரி. சொன்னால் நர்சுகள் விடமாட்டார்கள் என்று தம்பியிடம் காலிக் கேரியரைக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார். கேரியரைப் பார்த்துக் காமாட்சி ஊசி போட்டுவிட்டாள். சாப்பாடு போகாத உடம்பில் இருந்த கொஞ்சநஞ்சச் சர்க்கரையையும் இன்சுலின் இழுத்துக்கொண்டுவிட்டது. மூளைக்கு வேண்டிய சர்க்கரை இல்லாமல் போனதில் வந்த பிதற்றலைத்தான் நாங்கள் நாமம் என்று நினைத்தோம்.

டாக்டர் ஓடிவந்து நரம்பில் குளுக்கோஸ் ஏற்றினார். மாமி கண் திறக்கவில்லை. பிற்பகலில் மூச்சு திணறியது. ஆளனுப்பி வரவழைத்த தம்பி பக்கத்தில் நிற்க, சாயங்காலம் விளக்கேற்றுவதற்கு முன்பே போய்விட்டார். என் கைக்கெட்டும் தூரத்தில் கிடந்த மனுஷி. நேற்று வரைக்கும் என் ரொட்டியைக் கேலி செய்த வாய். கட்டிலைச் சுற்றி ஆட்கள் நின்றதில் ஒரு தடவை தொடக்கூட எனக்கு வழி கிடைக்கவில்லை.

தம்பி அழுதார், ஆனால் கோபப்படவில்லை. "ஏகாதசியன்னிக்கு உயிர் போறதுன்னா யாருக்குக் கிடைக்கும்? அக்கா கொடுத்து வச்சவ. பெருமாளே வாசலைத் திறந்து அழைச்சிண்டுட்டார். நாங்க யாரையும் குத்தம் சொல்லமாட்டோம்" என்று கை கூப்பினார். டாக்டரும் தலையாட்டினார். "வயசாச்சு, சர்க்கரை முத்திப்போச்சு, இதயம் தாங்கலை. குடும்பத்துக்கும் குறையில்லை. இதோட விட்டுருங்க சிஸ்டர்" என்று எஸ்தர் டீச்சரிடம் சொன்னார். எனக்கு அப்பாடா என்று இருந்தது. காமாட்சி தப்பித்தாள் என்று நினைத்தேன். அவள் சுவரோரமாக முக்காலியில் உட்கார்ந்து அந்தக் கேரியரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

எஸ்தர் டீச்சர் விடவில்லை. "அவங்களுக்குக் குறையில்லை டாக்டர். எனக்கு இருக்கு" என்றார். தம்பியைத் தனியாக வராந்தாவுக்கு அழைத்துப்போய், ஊசிக்குப் பிறகு சாப்பிடாததால்தான் இது வந்தது, நாங்கள் கேரியரைத் திறந்து பார்த்திருக்க வேண்டும் என்று சொன்னார். தம்பி முகத்தை மூடிக்கொண்டு, "காலியா எடுத்துண்டு வந்தது நான்தானே. அக்கா சொன்னா, பண்ணினேன். ஊசியைப் பத்தி நேக்கு ஒண்ணும் தெரியாதே" என்று விம்மியது ஜன்னல் வழியாக எனக்குக் கேட்டது. அந்த மனிதருக்கு இருந்த ஒரே ஆறுதலையும் இந்த டீச்சர் பிடுங்கிக்கொண்டாரே என்று எனக்கு எரிச்சலாக வந்தது.

மறுநாள் காலை காலிக் கட்டிலைச் சுற்றிப் பெண்களை நிறுத்தினார். காமாட்சியின் கண் வீங்கியிருந்தது.

"காமாட்சி, நேத்து என்ன பார்த்தே?"

"கேரியரைப் பார்த்தேன் டீச்சர்."

"எதைப் பார்க்கலை?"

டீச்சர் வழக்கம்போலக் காத்திருந்தார். "சாப்பாட்டைப் பார்க்கலை டீச்சர்."

"கேரியர் வந்தா ஊசி போடுன்னு உனக்குச் சொன்னது யாரு?"

காமாட்சி காலிக் கட்டிலின் விரிப்பை நீவிவிட்டாள்.

"நான்தான் சொன்னேன்" என்றார் எஸ்தர் டீச்சர். "திறந்து பாருன்னு சொல்லலை. அவங்க சாப்பிடற வரைக்கும் நில்லுன்னும் சொல்லலை. நான் சொல்லிக் கொடுத்ததை அவ அப்படியே செஞ்சா. இதை எல்லாரும் மனசுல வச்சுக்குங்க. அந்தம்மாவை யார் கூப்பிட்டுக்கிட்டாங்கங்கறது அவங்க வீட்டு நம்பிக்கை, அதை நாம தொடக்கூடாது. நம்ம பக்கம் என்ன நடந்துச்சோ அதை நாம சொல்லியாகணும்."

இதையே அவர் மேலதிகாரியிடமும் போய்ச் சொன்னார். யாரும் கேட்காமல் தானாகப் போய்ச் சொன்னார். அடங்கிப்போயிருந்த விஷயம் பிறகு ஆஸ்பத்திரி முழுக்கப் பரவியது. வார்டில் இருந்தவர்கள் காமாட்சி ஊசியோடு வந்தால் கையை இழுத்துக்கொண்டார்கள். அவளுடைய அண்ணன் வந்து பெட்டியைக் கட்டச் சொன்னார். அவளை நீக்கிவிடலாம் என்றுதான் ஆஸ்பத்திரிப் பெரியவர்களும் பேசினார்களாம். பிசகு பாடத்தில் இருந்தது, படித்தவளிடம் இல்லை, நீக்குவதென்றால் என்னை நீக்குங்கள் என்று எஸ்தர் டீச்சர் நின்றாராம். கடைசியில் அவரையே வேறு ஊருக்கு மாற்றினார்கள்.

போவதற்கு முன் என்னிடம் சொல்லிக்கொள்ள வந்தார். எனக்கு இருந்த ஆத்திரத்தில் மரியாதையெல்லாம் பார்க்கவில்லை. "எல்லாரும் விட்டுட்டாங்க. நீங்களும் வாயை மூடிக்கிட்டு இருந்திருந்தா நீங்களும் இருந்திருப்பீங்க, அந்தப் பொண்ணும் நிம்மதியா இருந்திருக்கும். எதுக்குங்க இது?" என்றேன்.

"இருந்திருக்கலாம் சரோஜாம்மா" என்றார். "அடுத்த ஏகாதசி வருமே. ரம்ஜான் வரும். எங்க சர்ச்சுலகூட உபவாச நாள் வரும். சாமிக்காகச் சாப்பிடாம இருக்கிறவங்க நம்மகிட்ட சொல்லிட்டா இருப்பாங்க? அன்னிக்கு நடந்தது வெறும் இதய நோய்னு சொல்லிட்டா, இந்தப் பிள்ளைங்க எதைப் படிக்கும்?"

அவர் என் போர்வையைச் சரிசெய்துவிட்டுப் போனார். அவர் கையில் ஊசி பட்ட இடங்கள் அப்போதும் ஆறாமல்தான் இருந்தன.

அடுத்த நாள் காலை காமாட்சி என் கட்டிலுக்கு வந்தாள். அண்ணனோடு போக மறுத்துவிட்டாளாம். எங்கள் வீட்டுக்காரர் அவளைப் பார்த்ததும் எழுந்து, "வேற யாராவது..." என்று இழுத்தார். நான் அவரை உட்காரச் சொல்லிவிட்டுக் கையை நீட்டினேன். எனக்கும் பயமாகத்தான் இருந்தது. என் கையைத் தாங்கிப் பிடித்த அவள் விரல்கள் சில்லென்று இருந்தன. ரொட்டி டப்பாவைத் திறந்து பார்த்தாள். எப்போது கடைசியாகச் சாப்பிட்டேன், என்ன சாப்பிட்டேன், இன்று ஏதாவது விரதமா என்று கேட்டாள். அப்புறம் ஊசி போட்டாள். சாய்த்துப் பிடித்துத்தான் போட்டாள். போட்டுவிட்டு நகராமல் நின்றாள்.

"போயேன்மா, வேற வேலை கிடக்கும்ல."

"இல்லக்கா. நீங்க சாப்பிடுங்க. நான் நிக்கிறேன்."

ரொட்டியைத் தண்ணீர் குடித்துக் குடித்து இறக்கினேன். பேச்சை மாற்றலாம் என்று, "டீச்சரை எந்த ஊருக்குப் போட்டிருக்காங்க?" என்று கேட்டேன்.

"ஏதோ சின்ன ஊர் ஆஸ்பத்திரிக்கா" என்றாள் காமாட்சி. "அங்கே படிக்கிற பிள்ளைங்க யாரும் கிடையாதாம்."